நிற்கிற காத்தாடி

12 ஜூன் 2023, திங்கள். காலை 5.40. நாள் 41.

கடைசி ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை விழுங்கி நாற்பத்தொரு நாள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையையும் அதே நாளில்தான் நிறுத்தினேன். இரண்டையும் சேர்த்து மூன்று வருடம் எட்டு மாதம் விழுங்கியிருக்கிறேன்.

நேற்று உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்தது: 4 முறை. தூக்கம்: மூன்றரை மணி. எடை: 61.4.

இதையெல்லாம் தினமும் குறிக்கச் சொன்னவர் நாகர்கோவில் ஹார்மோன் டாக்டர் பௌசியா. போன வாரம் முதன்முதலாகப் பார்த்தேன். "யாரைக் கேட்டு ஒரே நாளில எல்லாத்தையும் நிறுத்துனீங்க?" என்றார். யாரையும் கேட்கவில்லை என்றேன். "மெயின் சுவிட்சை அணைச்சிட்டு வந்து, ஏன் இருட்டா இருக்குன்னு கேக்கறீங்க" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது அவரை.

பெயர் இசக்கிமுத்து. வயது 27. மின்னியல் டிப்ளமோ. முப்பந்தல் பக்கம் காற்றாலைக் காத்தாடிகளில் சர்வீஸ் வேலை. இருபத்து மூன்று வயதில் வீட்டைவிட்டுப் போய் நான்கு வருடம் ஆதிரை என்ற பெண்ணாக வாழ்ந்தேன். அறுவை சிகிச்சை எதுவும் செய்யவில்லை. எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

உடம்பு பற்றி மட்டும் எழுதினால் போதும் என்றுதான் இந்த நோட்டு.

13 ஜூன், செவ்வாய். நாள் 42.

கொதிப்பு 3. தூக்கம் 4 மணி.

17ஆம் எண் காத்தாடியில் பிரேக் பழுது. ஏணியில் 286 படி. மார்புக்குக் குறுக்கே பாதுகாப்புப் பட்டை அழுத்துகிறது. ஹார்மோனில் வளர்ந்த மார்பு அங்கேயேதான் இருக்கிறது, வலிக்கவும் செய்கிறது. உள்ளே இறுக்கமான பனியன் இரண்டு.

ஒன்பது பத்துக்குப் போன் வந்தது. செண்பகம் அம்மா.

அம்மா திருநெல்வேலி பேட்டையில் பூ வியாபாரம் செய்கிறார். செவ்வாயும் வெள்ளியும் விடியலில் தோவாளைச் சந்தைக்கு வந்து பூ வாங்கிக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் திரும்புவார். திருநங்கைகளின் ஜமாத்தில் என்னை மடியில் உட்கார வைத்து மகளாக எடுத்தவர். ஆதிரை என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

ஆள் உள்ளே ஏறினால் காத்தாடியை நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவிடம் சொன்னேன்: "எது சுத்தாம நிக்குதோ அதுல நான் இருப்பேன்." அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இசக்கியம்மன் கோயிலுக்கு மேற்க நிக்குது பாரு ஒண்ணு, அதுலதான இருக்க?"

"ஆமாம்மா."

"கை காட்டுதேன், தெரியுதா?"

எண்பது மீட்டர் உயரத்திலிருந்து பஸ் தீப்பெட்டி அளவு. கை எங்கே தெரியும்?

"தெரியுது" என்றேன்.

வேலைக்காகத்தான் நான் முடி வெட்டி, சட்டை போட்டிருக்கிறேன் என்று நினைக்கிறார். மார்ச்சில், வேலைக்குச் சேர்ந்தபோது, அது உண்மையாகவும் இருந்தது.

21 ஜூன், புதன். நாள் 50.

ரத்தப் பரிசோதனை முடிவு. டெஸ்டோஸ்டிரோன் 96. ஆணுக்குக் குறைந்தது 300 வேண்டும்.

டாக்டர் சொன்னவற்றை வரிசையாக எழுதுகிறேன். சுரப்பிகள் இருப்பதால் உடம்பு தானாகவே மறுபடி தயாரிக்கத் தொடங்கும், மாதங்கள் ஆகலாம். மார்பு கொஞ்சம் சுருங்கலாம், முழுதாகப் போகாது. வேண்டுமானால் ஆபரேஷன், அவசரமில்லை. லேசரில் எடுத்த தாடி எல்லா இடத்திலும் திரும்பாது. குழந்தை பிறக்குமா என்பதற்கு ஆறு மாதம் கழித்துத் தனிப் பரிசோதனை. எலும்புக்கு ஒரு ஸ்கேன். மனசு கீழே இறங்கினால் உடனே போன்.

"வீட்ல யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்லை."

"செஞ்சதுக்கு வருத்தமா இருக்கா?"

"வருத்தத்துக்கு யூனிட் என்ன டாக்டர்?"

சிரித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களை மாதிரி திரும்பி வர்றவங்க கொஞ்சம் பேர்தான். சிலபேர் வேலை கிடைக்காம வர்றாங்க, சிலபேர் வீட்டுத் தொல்லை தாங்காம. சிலபேருக்குத் தன்னைப் பத்தித் தெரிஞ்சதே மாறிடுது. அப்படி வந்து மறுபடி போனவங்களும் உண்டு. நீங்க எதுன்னு இன்னைக்கே சொல்லணும்னு நான் கேக்கல. ஆனா உங்க கதையை வச்சு இன்னொருத்தர் கதையை யாரும் அளக்க விடாதீங்க."

கடைசி வாக்கியம் அப்போது எனக்குத் தேவையில்லாததாகப் பட்டது.

22 ஜூன். நாள் 51.

கொதிப்பு 5. சாதம் வைக்க மறந்தேன். அரிசியைக் களைந்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அரை மணி.

2 ஜூலை, ஞாயிறு. நாள் 61.

பணகுடி வீடு. அப்பா அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மாடசாமி. நான் உள்ளே நுழைந்ததும் தெருவில் நின்ற இரண்டு பேரிடம் சத்தமாக, "மவன் வந்திருக்கான்" என்றார். 'மவன்' கொஞ்சம் கூடுதல் சத்தம்.

அரசிதழில் பெயரை மறுபடி மாற்ற ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். அப்பா தெரிந்த வக்கீலிடம் அடித்து வைத்திருந்தார். மூன்றாம் பத்தி: "செண்பகம் என்ற திருநங்கையின் தூண்டுதலின் பேரில், சுயபுத்தி இழந்த நிலையில், மேற்படி பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொண்டேன்."

"இது எதுக்கு?"

"காரணம் எழுதணும்லா? வக்கீல் சொல்லுதாரு, இப்படி எழுதுனாத்தான் நிக்கும்னு."

"நடக்காததை எழுதச் சொல்லுதியளே."

"ஏல, ஊர்ல என்ன பேசுதாங்கன்னு தெரியுமா? இந்த ஒரு வரி இருந்தா உம்மேல தப்பு இல்லைன்னு ஆயிரும். உனக்குத்தான நல்லது?"

படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மடித்துப் பையில் வைத்தேன். சொர்ணம் அம்மா, பெற்ற அம்மா, சோறு எடுத்து வைத்தாள். ஆட்டுக்கறியில் எனக்குப் பிடித்த எலும்பாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். நான்கு வருடச் சோற்றை ஒரே தட்டில் போடப் பார்த்தாள் போல.

அன்று மதியம் அங்கேயே தூங்கினேன். நாலரை மணி நேரம்.

11 ஜூலை, செவ்வாய். நாள் 70.

கனவுகளை எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். டாக்டர், தூக்கத்தில் வருவதும் சேர்த்துத்தான் என்றார்.

மதியம் காற்று அதிகம், ஏறக்கூடாது. 23ஆம் எண் காத்தாடியின் அடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து மேகம் தரையோடு வந்து கொண்டிருந்தது. கனவில் ஏணியில் ஏறுகிறேன். எனக்குக் கீழே, சரியாகப் பத்துப் படி தள்ளி, கொலுசு ஏறி வருகிறது. நான் நின்றால் நிற்கிறது. மேலே போய், இயந்திரம் இருக்கும் தலைப்பெட்டியின் கதவைத் தள்ளினால் உள்ளே கியர்பாக்ஸ் இல்லை. பேட்டை வீட்டு முற்றம். ஈரத்துணியில் பிச்சிப்பூ கொட்டிக் கிடக்கிறது. அம்மா நிமிராமல், "கதவைச் சாத்தாத, பின்னால ஒருத்தி வாரால்லா" என்கிறார்.

என்னோடு ஏறும் சேவியர் உலுக்கி எழுப்பினான். ஒருவர் தனியாக ஏறக்கூடாது என்பது விதி, எனக்கு வாய்த்த துணை இவன்.

"மாப்ள, உன் தாடி ஏன் தீவு தீவா வளருது? இலங்கை, லட்சத்தீவு, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தமான்."

"லேசர் வச்சு எடுத்தேன். விட்ட இடம் வளருது."

"ஓ." குனிந்து என் கன்னத்தைப் பார்த்தான். "வலிச்சுதா?"

"வலிச்சுது."

"எனக்கு மூஞ்சி பூராக் காடு. பாதி வேணும்னா எடுத்துக்க" என்றான்.

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்பான் என்று இரண்டு மாதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். வீண்.

1 ஆகஸ்ட், செவ்வாய். நாள் 91.

9.10. "ஏட்டி, இன்னைக்கு ரெண்டு நிக்குதே, எதுல இருக்க?"

"இடது கைப் பக்கம்."

"ஆடிச் செவ்வாய், இசக்கியம்மனுக்கு உம் பேருக்குப் பூ போட்டுட்டு வந்தேன். மாத்திரை ஒழுங்காப் போடுதியா?"

"ம்."

பொய்களின் எண்ணிக்கையைக் குறிக்க நோட்டில் பத்தி இல்லை.

17 ஆகஸ்ட், வியாழன். நாள் 107.

பிரமாணப் பத்திரம் பைக்குள்ளேயே கிடக்கிறது. அப்பா மூன்று முறை போன் செய்துவிட்டார்.

பழுதானால் நாங்கள் மூலகாரணம் எழுதுவோம். நான் போனதற்கும் திரும்பியதற்கும் அதே முறையில் போட்டுப் பார்த்தேன்.

வேலை: 25 சதவீதம். ஆதிரையை யாரும் காத்தாடியில் ஏற்றவில்லை. பழுதான கிரைண்டர் மோட்டாருக்குக் கம்பி சுற்றித்தான் பிழைத்தேன்.
உடம்பு, மாத்திரைத் தலைவலி: 5.
தெருவில் கேலி: 10. முதலில் 0 என்று எழுதி அடித்தேன்.
பிப்ரவரியில் ஒருநாள்: 20. மோட்டார் கொடுக்க வந்த பெண் "அக்கா" என்று கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அதற்கு முன் மூன்று வருடம் அந்த வார்த்தை கேட்டால் நாளெல்லாம் வயிறு குளிர்ந்திருக்கும்.
செண்பகம் அம்மாவின் தூண்டுதல்: 0. நான் போய் நின்றபோது, "ஒரு வருசம் யோசி, பெறவு வா" என்று திருப்பி அனுப்பியவர். நான்தான் போகாமல் படியிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.
மீதி 40: தெரியாது.

தெரியாது என்று எழுதினால் மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். வக்கீலும் அப்படித்தான்.

6 செப்டம்பர், புதன். நாள் 127.

டெஸ்டோஸ்டிரோன் 288. இன்னும் பன்னிரண்டு. கொதிப்பு நின்று ஒன்பது நாள் ஆகிறது. டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே வந்தபோது அம்மா போன். செவ்வாயும் இல்லை வெள்ளியும் இல்லை. என்னைப் போலவே அம்மா எடுத்த இன்னொரு மகள் மதுமிதா, நர்சிங் படிக்கிறாள், வயது இருபது. அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள்.

"நாந்தான் புள்ளைகளைப் பிடிச்சு வச்சிருக்கேனாம். எழுத்துல ஒரு ஆதாரம் கிடைச்சா ஸ்டேஷன்ல போட்டுக் கூட்டிட்டுப் போயிருவாங்களாம். நான் யாரைட்டி பிடிச்சு வச்சேன்? உன்னையப் பிடிச்சு வச்சேனா?"

எழுத்தில் ஓர் ஆதாரம். என் பையில்தான் இருந்தது. மூன்றாம் பத்தி. அரசிதழுக்குப் போய்விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம்.

என் கதையை வைத்து இன்னொருத்தர் கதையை அளக்க விடாதே என்ற டாக்டரின் கடைசி வாக்கியம் அப்போதுதான் புரிந்தது.

10 செப்டம்பர், ஞாயிறு. நாள் 131.

பணகுடி. அப்பாவின் முன்னால் மூன்றாம் பத்தியைப் பேனாவால் அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: "என் சொந்த விருப்பத்தில் மாற்றிக்கொண்டேன். என் சொந்த விருப்பத்திலேயே மறுபடி மாற்றுகிறேன்."

அப்பா தாளைப் பார்த்தார். "அவளுக்காக எங்களை விட்டுக்குடுக்கியா?"

"பொய் எழுத மாட்டேன்னுதான் சொல்லுதேன்."

"பொய்யா? நாலு வருசம், ஏல, நாலு வருசம். கைதட்டிட்டு பஸ்ல ஏறுத ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் குனிஞ்சு பாத்தேன். நீயா இருக்கக் கூடாதுன்னு பாத்தனா, நீயா இருக்கணும்னு பாத்தனா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுக்கு ஒருத்தர் மேல பழி போடாம நான் எப்படி உறங்குவேன்?"

இருபத்து மூன்று வயதில் வீட்டைவிட்டுப் போனபோது ஒரு தாள் எழுதி வைத்துவிட்டுத்தான் போனேன். அதில் அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அது இன்றுதான் ஞாபகம் வந்தது.

"பழியை எம்மேல போடுங்க. நான் தாங்குவேன்" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் கிளம்பும்வரை வரவில்லை. சொர்ணம் அம்மா வாசல்வரை வந்து, "நீ அங்க இருந்தப்ப அவ உனக்குச் சோறு போட்டாளால்லா?" என்று மட்டும் கேட்டாள்.

"தினமும்."

தலையை ஆட்டிக்கொண்டாள்.

12 செப்டம்பர், செவ்வாய். நாள் 133.

9.10. "ஏட்டி, மேற்க நிக்குததுதான?"

"அம்மா, நான் மாத்திரையை நிறுத்தி நூத்தி முப்பத்து மூணு நாள் ஆச்சு. வேலைக்கு மட்டும் இல்லை. நான் இனிமே இப்படித்தான். பேரையும் மாத்தப் போறேன்."

முன்னுரை எதுவும் வைக்கவில்லை. எனக்கு அது வராது.

போனுக்குள் பஸ் உறுமியது. கண்டக்டர் பணகுடி, பணகுடி என்று கத்தினார். பிறகு அம்மா, மெதுவாக: "அப்ப நான் யாருக்கு அம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போன் வைத்துவிட்டார்.

15 செப்டம்பர், வெள்ளி. பஸ் போனது. போன் இல்லை.

19 செப்டம்பர், செவ்வாய். பஸ் போனது.

22 செப்டம்பர், வெள்ளி. சேவியர் கேட்டான், ஒன்பது மணிக்கு ஏன் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னல் மூடியைத் திறக்கிறாய் என்று. காற்றோட்டம் என்றேன்.

3 அக்டோபர், செவ்வாய். நாள் 154.

கனவு. ஏணியில் கொலுசு இல்லை. நான் நின்று நின்று பார்க்கிறேன்.

10 அக்டோபர், செவ்வாய். நாள் 161.

இதை விரிவாக எழுத வேண்டும்.

காற்றுப் பருவம் முடிந்தது. காலையில் கணவாயில் ஓர் இலை அசையவில்லை. வெயில் பால் மாதிரி கலங்கி இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை எல்லாக் காத்தாடியும், நூற்றுக்கு மேல், ஏதோ சொல்ல வந்து மறந்துபோன மாதிரி நின்றன. நானும் சேவியரும் 17இல் வருடாந்தர சர்வீஸுக்கு ஏறியிருந்தோம். அந்த உயரத்தில் எப்போதும் கோபுரம் லேசாக ஆடும். இன்று அதுவும் இல்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது.

9.22. போன்.

"எல்லாம் நிக்குதே" என்றார். அழுகிறாரா மூச்சு வாங்குகிறாரா தெரியவில்லை. "பஸ்ல இருந்து பாத்தேன், அம்புட்டும் நிக்குது. எல்லாத்துலயும் நீயே நிக்குத மாதிரி இருந்துச்சு. எறங்கிட்டேன். எதுல இருக்க?"

"எங்க நிக்கீங்க?"

"கோயில் பக்கத்துல. பூ மூட்டையோட. எதுன்னு சொல்லு, நடந்து வாரேன்."

மேற்கே என்று சொல்லிப் பயனில்லை, மேற்கே முப்பது நிற்கிறது. காற்றில்லாமல் இறக்கையைச் சுற்ற முடியாது. ஆனால் காற்று வரும் பக்கம் தலையைத் திருப்ப மோட்டார் உண்டு, அதற்குக் கரண்ட் போதும். சேவியரைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே கருவிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு மோட்டாரிலிருந்து தள்ளி நின்றிருந்தான்.

"பாத்துக்கிட்டே இருங்க. ஒண்ணு மட்டும் தலையைத் திருப்பும்."

ஒரு பாகை திரும்ப இரண்டு வினாடி. அறுபது டன் தலை, முனகிக்கொண்டு கிழக்கே நகர்ந்தது. மலை நகர்ந்தது, கோயில் நகர்ந்தது. முப்பது பாகை. பிறகு திரும்ப மேற்கே.

"எங்கட்டி..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். "எங்க மக்கா? ஒண்ணும் தெரியல."

"மெதுவாத்தான் திரும்பும். பொறுங்க."

நான் ஒருவரைப் பொறுக்கச் சொன்னது இதுதான் முதல் முறை.

இரண்டாவது சுற்றில், "ஆ!" என்றார். "தலையாட்டுது! மாட்டேன் மாட்டேன்னு பிள்ளை தலையாட்டுத மாதிரி ஆட்டுது!"

286 படி. இறங்கி முடித்தபோது முள்ளுக்கு நடுவே வண்டிப்பாதையில் வந்துகொண்டிருந்தார். தலையில் பூ மூட்டை, கையில் செருப்பு. மூட்டையை வாங்கினேன். என் முகத்தையே பார்த்தார். தாடித் தீவுகளைப் பார்த்தார். தொடக் கை எடுத்து, எடுத்த கையால் தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்தோம்.

"நான் அழுதது நீ மாறுனதுக்கு இல்ல. நூத்தி முப்பது நாள் மறைச்சியே, அதுக்கு. நான் உன்னைய அடிச்சிருப்பனா?"

"உங்களுக்கு மகள் இல்லாம போயிரும்னு நினைச்சேன்."

"போயிட்டாதான்." பட்டென்று சொன்னார். "பொய் சொல்ல மாட்டேன். உம் புடவையெல்லாம் பொட்டியில இருக்கு, தெறக்கல. எம் மவ போயிட்டா. அதுக்கு நான் இன்னும் அழுவேன், நீ குறுக்க வரக்கூடாது."

"சரி."

"மதுமிதா அண்ணனுவ எங்கயோ கேள்விப்பட்டு உம் பேரைச் சொல்லுதானுவ. 'அவன் திரும்பி வரலையா, நீ மட்டும் ஏன்'னு. பிள்ளை மூணு நாளாச் சாப்பிடல. ஆதிரை அக்கா பொய்யா, அப்ப நானும் பொய்யான்னு கேக்கா. நான் என்ன சொல்ல?"

நான்கு வருடமும் பொய்யில்லை என்றேன். இப்போதும் பொய்யில்லை. எனக்கு நடந்தது எனக்கு நடந்தது, அவளுக்கு அவளுடையது. மூன்றாம் பத்தியை அடித்ததையும் சொன்னேன்.

"இதை எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அந்தத் தடியனுவகிட்ட வந்து சொல்லு. இந்தத் தாடியோட வந்து சொல்லு."

"வாரேன்."

"வெள்ளிக்கிழமை."

"வாரேம்மா."

மூட்டையைப் பிரித்து ஒரு கை பிச்சிப்பூவை அள்ளினார். பழக்கத்தில் என் தலைப் பக்கம் கொண்டுவந்தார், கட்டை முடியைப் பார்த்தார். என் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

"வேர்வை நாத்தத்துக்கு ஆகும்" என்றார்.

11 அக்டோபர், புதன். காலை 6.05. நாள் 162.

தூக்கம்: ஏழு மணி நேரம். கனவு இல்லை. சட்டை இன்னும் மணக்கிறது, துவைக்கவில்லை.

செய்ய வேண்டியவை:

1. வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம்: குடும்பம்.
2. பேட்டைக்குப் போய் மதுமிதாவின் அண்ணன்களிடம் பேச வேண்டும். ரத்த முடிவுகள் கேட்டால் காட்டக் கூடாது, அது அவர்களுக்குச் சம்பந்தமில்லாதது. கத்தினால் நானும் கத்தலாம்.
3. அதற்கு முன் மதுமிதாவிடம் தனியாகப் பேச வேண்டும். அவள் சாப்பிட்ட பிறகு.
4. திருத்திய பிரமாணப் பத்திரத்தை வேறு வக்கீலிடம் கொடுக்க வேண்டும். இனிஷியல் மா. செ. என்று இரண்டு எழுத்து. மாடசாமி, செண்பகம். முடியாது என்பார்கள். எந்த விதியில் என்று கேட்க வேண்டும்.
5. சொர்ணம் அம்மாவிடம் இனிஷியல் விஷயத்தை நானே நேரில் சொல்ல வேண்டும். முன்பு மாதிரி தாள் எழுதி வைத்துவிட்டுப் போகக் கூடாது.
6. ஞாயிறு பணகுடி. அப்பா பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம்.
7. நவம்பரில் எலும்பு ஸ்கேன், மறு ரத்தப் பரிசோதனை. மார்பு ஆபரேஷன்: முடிவு செய்யவில்லை.
8. செவ்வாய், வெள்ளி, 9.10: எந்தக் காத்தாடியில் இருந்தாலும், போன் வந்தாலும் வராவிட்டாலும், அதன் தலையை முப்பது பாகை திருப்பிவிட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேலதிகாரி கேட்டால்: மோட்டார் சோதனை.